நிலைப்படியில் நின்றுவிடும் கால்கள்

புனேயில் ஒரு அடுக்குமாடி வீடு. காலை ஏழு மணி. ஓய்வுபெற்ற அந்த ரயில்வே குமாஸ்தா கூடத்தில் நன்றாகத்தான் நடந்து வருகிறார். படுக்கையறை நிலைப்படி வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. உடம்பு முன்னே சாய்கிறது. பாதம் நகர மறுக்கிறது. "அவசரப்படாதீங்க. கோட்டைத் தாண்டுங்க" என்கிறார் மனைவி. தரையில் அவர் சாக்பீஸால் போட்டு வைத்த கோடுகள். முதல் கோட்டைத் தாண்டக் கால் எழுகிறது. பிறகு நடைதான்.

எட்டு வருடமாகப் பார்க்கின்சன் நோய். மூளையின் ஆழத்தில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. அதை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை முன்பு ஐந்து மணி நேரம் தாங்கியது. இப்போது மூன்று மணி நேரம்கூட இல்லை. மண்டையில் துளைபோட்டு மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பல லட்சம் வேண்டும். பயமும் இருந்தது. அப்போதுதான் ஒரு தனியார் மருத்துவமனை சொன்னது: தலையைத் திறக்கவே வேண்டாம், காந்தம் போதும். வங்கி டெபாசிட் உடைந்தது.

எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலையருகே பிடிக்கிறார்கள். அதில் மின்சாரம் நொடிப்பொழுது பாய, எழும் காந்தப்புலம் வலியின்றி மண்டையோட்டைக் கடந்து உள்ளே சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. டக், டக் என்று சத்தம். கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் சகாக்களும் செய்துகாட்டிய உத்தி இது. ஆனால் புலம் எட்டுவது சில சென்டிமீட்டர்தான். நோயுற்ற செல்களை அது தொடுவதே இல்லை. மேற்பரப்பில் உள்ள, அசைவுக்கான பகுதியைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவே. அமெரிக்காவில் 2008-ல் இதற்கு அனுமதி கிடைத்தது மனச்சோர்வு நோய்க்கு. பார்க்கின்சனின் அசைவுக் கோளாறுகளைப் பொறுத்தவரை, ஐரோப்பிய நிபுணர்களின் 2020 மதிப்பீடு 'பலன் இருக்கக்கூடும்' என்ற அளவில் நிற்கிறது. இதை மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் அவர் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். மனைவி அடுக்களைக்குப் போய் அழுதார்.

இரண்டு மாதத்தில் பொத்தான் மறுபடி அடம்பிடித்தது. இன்னொரு சுற்று வரச் சொன்னார்கள். இம்முறை அவர் வேறொரு நரம்பியல் நிபுணரிடம் போய்க் கேட்டார். அந்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. கனடாவில் நடத்தப்பட்டு 2001-ல் வெளியான ஆய்வில், மருந்து என நம்பி வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்ட பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் டோபமைன் சுரந்தது. 2006-ல் போலிக் காந்தச் சிகிச்சையிலும் அதே கதை. இந்த நோயில் நம்பிக்கையே கொஞ்சம் மருந்தாகிவிடுகிறது. அதனால் எது காந்தத்தின் வேலை, எது நம்பிக்கையின் வேலை என்று ஒரு தனி நோயாளியிடம் பிரித்துச் சொல்வது கடினம்.

"அப்போ இன்னொரு சுற்று?" என்றார் மனைவி.

"மாத்திரையை விடக்கூடாது. பிசியோதெரபியை விடக்கூடாது. மிச்சப் பணமும் மனசும் இருந்தால் இதைப் பாருங்கள்" என்றார் மருத்துவர்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஏற்பாடாகிவிட்டது. சாக்பீஸ் கோடுகளுக்குப் பதில் மஞ்சள் டேப் ஒட்டியாகிவிட்டது. இரண்டாம் சுற்றுக்கான சீட்டு மட்டும் இன்னும் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது. கிழித்துப்போடலாமா என்று மகன் கேட்டபோது அவர் தடுத்துவிட்டார்.

"பொத்தான் போட்டது நான்தானேடா" என்றார்.