ஈயப் பொம்மைக்கு ஐந்து பவுணா?

2016ஆம் ஆண்டு இலண்டனில் எனது தங்கையின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவளது மகன் அப்போது பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு நிரந்தர வேலையின்றி இருந்தான். ஒருநாள் காலை தபாலில் வந்த சிறு பெட்டியொன்றைத் திறந்து, விரல் நீளம்கூட இல்லாத உலோக உருவமொன்றை வெளியே எடுத்தான். கோடரி ஏந்திய தாடிக்காரக் குள்ளன். விலை ஐந்து பவுண்; எங்கள் கணக்கில் அன்று ஏறத்தாழ ஆயிரம் ரூபா. "இதுக்கா காசைக் கொட்டுறாய்?" என்று கேட்டுவிட்டேன். மாலை வரை அவன் என்னோடு கதைக்கவில்லை.

அந்தக் கேள்வி சரியானதா என்பதைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டு வெளிவந்தபின், அதன் வீரர்களையும் மந்திரவாதிகளையும் பூதங்களையும் உலோகத்தில் வார்த்து விற்கும் தொழில் வளர்ந்தது. 1975இல் சின்சினாட்டி நகரில் ரால் பார்தா நிறுவனமும், அந்தத் தசாப்தத்தின் இறுதியில் இங்கிலாந்தில் சிட்டடெல் நிறுவனமும் தோன்றின. 2011இல் சிட்டடெல் தனது உலோக உருவங்களிற் பெரும்பாலானவற்றை ரெசினுக்கு மாற்றியது. பிளாஸ்டிக்கும் பரவியது. ஆயினும் ஓரிருவராக நடத்தும் சிறு பட்டறைகள் பல உலோகத்தைக் கைவிடவில்லை.

இதற்குப் பழைமை மீதான பற்று மட்டும் காரணமன்று. பிளாஸ்டிக் உருவம் வார்க்க உருக்கு அச்சு வேண்டும். அதன் செலவை ஈடுகட்ட ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். உலோகத்துக்கு இறப்பர் அச்சு போதும். சிற்பி கம்பிச் சட்டத்தின் மேல் பச்சை நிறப் பசையால் உருவத்தை வனைகிறார். அதிலிருந்து வட்டமான இறப்பர் அச்சு தயாராகிறது. சுழலும் அச்சின் நடுவில் உருகிய உலோகத்தை ஊற்ற, சுழற்சியின் விசையால் அது விரல் நுனி வரை பாய்கிறது. அச்சுத் தேய்ந்தால் புதிது செய்ய வேண்டும். சில நூறு பேர் மட்டுமே விரும்பும் ஓர் உருவத்தை விற்பனைக்குக் கொண்டுவர இம்முறை இடமளிக்கிறது.

இனி விலைக்கு வருவோம். 1990களில் ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய கவலையால் பெரும்பாலானோர் வெள்ளீயக் கலப்புக்கு மாறினர். 2020இன் தொடக்கத்தில் தொன் ஒன்று 20,000 டொலருக்கும் குறைவாக விற்ற வெள்ளீயம், 2022 மார்ச்சில் 45,000 டொலரைத் தாண்டியது. அந்த உச்ச விலையிற்கூட, இருபது கிராம் உருவமொன்றில் உள்ள உலோகத்தின் பெறுமதி ஏறத்தாழ ஒரு டொலர்தான். மிகுதியெல்லாம் சிற்பியின் நாட்கள், அச்சு, வார்ப்பவரின் உழைப்பு, வரி, தபால்.

மருமகனின் குள்ளனைக் கையில் வாங்கியபோது அதன் பாரம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, அச்சு எழுத்துகளைக் கையால் கோக்கும் முதியவர்கள் சிலர் எஞ்சியிருந்தனர். அவ்வெழுத்துகளும் ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகியவற்றின் கலவையே. கணினி வந்ததும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எழுத்துகள் நிறுத்து விற்கப்பட்டன. அவற்றை வார்த்தவன், கோத்தவன் எவருக்கும் தராசில் இடமிருக்கவில்லை. அதுபற்றி நான் அன்று ஒரு வரிகூட எழுதவில்லை. இலண்டனில் நான் கேட்ட கேள்வியும் அதே தராசிலிருந்து வந்ததுதான்.

அதற்காகச் சிறு தயாரிப்பாளர் விற்பதெல்லாம் விலைக்குத் தகுந்தது என்று சொல்லமாட்டேன். அச்சின் இணைப்புக் கோடுகள் முகத்தின் நடுவே ஓடும் உருவங்களையும், கை சரியாகப் பொருந்தாதவற்றையும் அவனது மேசையில் கண்டேன். கீழே விழுந்தால் பாரத்தாலேயே வாள் வளையும், பூச்சு உதிரும். வீட்டு முப்பரிமாண அச்சுப்பொறிகள் இன்று அதைவிட நுண்ணிய உருவத்தைச் சில பென்ஸ் செலவில் தருகின்றன. நாற்பது பேர் கொண்ட படையொன்றை உலோகத்தில் வாங்குவது, வசதியற்றவனுக்கு வீண்செலவு. வாங்கி வாங்கிப் பூசாமலே குவித்து வைப்பவர்களும் உண்டு. அவர்களே அக்குவியலை 'ஈய மலை' என்று கேலியாகச் சொல்வார்களாம்.

எனது முடிவு இதுதான்: தானே பூசி, தானே விளையாடப்போகும் ஒற்றை உருவத்துக்கு ஐந்து பவுண் அதிகமில்லை. பூச்சுப் பிழைத்தால் கரைசலில் ஊறவைத்துக் கழுவி மீண்டும் தொடங்கலாம், உலோகம் கெடாது. அந்தப் பணமும் அடுத்த உருவத்தை வனையக் காத்திருக்கும் ஒருவரைச் சென்றடைகிறது.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மருமகன் அக்குள்ளனைப் பூசி முடித்தான். தாடியின் ஒவ்வொரு பின்னலையும் தனித்தனியே தீட்டியிருந்தான். "எத்தனை நாள் எடுத்தது?" என்று கேட்டேன்.

"பதினொரு இரவு மாமா. வேலைக்கு விண்ணப்பம் எழுதி முடிச்ச பிறகு" என்றான்.

விலையைப் பற்றி நான் பிறகு எதுவும் கேட்கவில்லை.