பத்து மூடை நெல்

எங்கள் வீட்டுக்காரருக்கு சம்மாந்துறையில் மூன்று ஏக்கர் வயல். கல்லோயாத் தண்ணீர் பாயும் பூமி. விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனாலும் நான் கலியாணம் முடித்து வந்த நாள்முதல் ஆறாம் மாதம் பிறந்தால் கடையில்தான் அரிசி வாங்கினோம். நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண், பையைத் தூக்கிக்கொண்டு அரிசிக்குப் போவது எவ்வளவு வெட்கம் என்பது வயற்காரர் வீட்டுச் சகோதரிகளுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் தாக்கத்தியால் வெட்டி, வெயிலில் காயவிட்டு, சூடு வைத்துத்தான் நெல்லைப் பிரிப்பார்கள். வீட்டுக்கு வரும்போதே நெல் காய்ந்திருக்கும். இப்போது மெஷின் வெட்டிய கையோடு சாக்கில் கொட்டுகிறது. அந்த ஈர நெல்லை இரண்டு நாள் கட்டி வைத்தால் சூடேறிப் பழுத்துவிடும். ஆகவே அன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குகிற முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். வாய்க்கால் கரையில் அவருடைய லொறி நிற்கும். விதைப்புக்குப் பசளையும் மருந்தும் கடனாகத் தந்தவரும் அவரேதான். ஈரம் என்று மூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார். விலையையும் அவரே சொல்வார்.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துவிட்டது. எங்களுக்குப் பாதி விளைச்சல்தான். மண்ணைக் காக்க வேண்டும் என்பது நல்ல யோசனைதான், ஆனால் அதை ஒரே போகத்தில் செய்யச் சொன்னால் ஏழை என்ன செய்வான்? முதலாளியின் கடன் இரட்டித்தது.

அதற்குப் பிறகு யூரியா விற்ற விலையில், இவர் தானாகவே விவசாயப் போதனாசிரியரிடம் போய் நின்றார். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்பினோம். பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறதாம். அதைத்தான் இத்தனை காலமும் புகையாக்கியிருக்கிறோம்! இலை நிற அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்து, இலை வெளிறினால் மட்டும் யூரியா போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பசளைக் கடன் குறைந்தது.

கடன் குறைந்த தைரியத்தில்தான் 2025 ஜனவரி அறுவடையில் நான் வாய் திறந்தேன். "இஞ்ச பாருங்க, பத்து மூடைய வீட்டுக்குக் கொண்டாங்க. நாங்க காயவைக்கிறம்."

"காய்ஞ்சா நிறை குறையும் புள்ள. நட்டம் ஆருக்கு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நூற்றுக்கு இருபது ஈரமுள்ள 100 கிலோ நெல், பதினான்குக்குக் காய்ந்தால் 93 கிலோதான் நிற்கும். மகளின் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஈர நெல் 90 ரூபாய் என்றால், காய்ந்ததை 97க்கு விற்றாலே குறை அடைபட்டுவிடும். அவர் பேசாமல் போய் மூடைகளை இறக்கினார்.

முற்றத்தில் படங்கு விரித்தோம். மாமி மணிக்கொரு தரம் காலால் கிளறிவிடுவார். மூன்றாம் நாள் திடீர் மழை. நானும் மதினியும் ஓடிவந்து சுருட்டுவதற்குள் ஒரு மூடை நனைந்து, கடைசியில் கோழிக்குப் போயிற்று. ஈரம் பார்க்கும் மெஷின் எங்களிடம் ஏது? மாமி ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று முறிந்தால் போதும். பிறகு கமநல நிலையத்தில் அளந்தபோது பதினான்குக்கு ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என்று அறிவித்தது. அதுவும் ஈரம் பதினான்குக்கு மேற்படாத நெல்லுக்கு. எங்கள் மற்ற மூடைகளோ எப்போதோ லொறியில் போய்விட்டன. இவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மிஞ்சிய ஒன்பது மூடையில் ஆறு வீட்டுக்கு. மூன்றை அவித்துக் குற்றி, பக்கத்து வீடுகளுக்கு அரிசியாகக் கொடுத்தோம். அந்த ஆறாம் மாதம் நான் கடைக்குப் போகவில்லை.

இப்போது இவர் இருபது மூடை கேட்கிறார். முற்றத்தில் பன்னிரண்டுக்கு மேல் பரப்ப முடியாது. எதிர்வீட்டு லாத்தாவின் மொட்டை மாடியைக் கேட்டிருக்கிறோம். தன்னுடைய ஐந்து மூடையையும் சேர்த்துக் காயவைத்துத் தந்தால் சரி என்கிறார்.