நாவும் நாமும்

உண்பதற்கும் உரைப்பதற்கும் இயற்கை நமக்கு ஒரே வாயைத்தான் தந்திருக்கிறது. உண்பது எல்லா உயிர்களுக்கும் பொது. உரைப்பதோ மனிதன் தேடிக்கொண்ட செல்வம். வெளியூரில் வாழும் நாம் அச்செல்வத்தை எப்படிக் காக்கிறோம்?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் நான் பழகும் தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டின் ஐந்து வயதுச் சிறுமி வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பாள். “வங்காளத்துத் தண்ணீர் குடித்த நாக்கு, ழகரம் எப்படி வரும்?” என்பார் அவள் பாட்டி. தண்ணீர்மேல் பழி போடுவது எளிது. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் ‘பளம்’ என்போர் எத்தனை பேர்! அவர்கள் எந்தக் கங்கை நீரைக் குடித்தார்கள்?

வாயைச் சற்றே திறந்து பார்ப்போம். முன்னே இதழ்கள், உள்ளே 32 பற்கள், மேலே எலும்பாலான வல்லண்ணம், அதன் பின்னே தசையாலான மெல்லண்ணம், அதில் தொங்கும் உள்நாக்கு. மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் எல்லாவற்றையும் ஈரமாக வைத்திருக்கின்றன. நடுவே இருக்கும் நாக்கு எட்டு வகைத் தசைகளின் கூட்டு. ஆதலால் நீளவும் மடங்கவும் குழியவும் வல்லது. மெல்லண்ணம் ஒரு கதவு. விழுங்கும்போது எழுந்து மூக்கின் வழியை அடைக்கும். மகரத்துக்குத் தாழ்ந்து வழிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள், உண்மை விளங்கும்.

இக்கருவிகள் வங்காளிக்கும் தமிழனுக்கும் ஒன்றே. கையாளும் முறைதான் வேறு. நேற்று, கால்வாய் என்னும் பொருளுள்ள இரு வங்கச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கால்’ தான். இரண்டாவதில் மூச்சு ஓங்கி வரும். வாய்முன் வைத்த உள்ளங்கையில் படும். வந்த புதிதில் என் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

ழகரத்துக்கு நாநுனி வளைந்து அண்ணத்தை நெருங்கும், காற்றை அடைக்காது. அண்ணத்தில் நன்றாக ஒட்டிப் பக்கவழியே காற்றை விட்டால் ளகரம். இடைவெளி நூலிழையளவே! தொல்காப்பியத்தின் பிறப்பியல் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என உறுப்புகளை எண்ணி எழுத்தொலிகளின் பிறப்பை வகுத்துள்ளது. இந்நகரில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுநீதி குமார் சாட்டர்ஜி, 1926இல் வெளிவந்த தம் பெருநூலில் வங்கமொழியின் ஒலிகளை ஆராய்ந்தார்.

ஆயினும் நாவுக்கு ஆசான் செவியே. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைக் கேட்பித்து வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. ஆறேழு மாதத்தில் அயல் ஒலிகளை வேறு பிரித்து அறிந்த குழந்தைகளிடம், ஓராண்டு நிறையும் தறுவாயில் அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. கேளாத ஒலியைச் செவி மறக்கிறது. பின்னர் முயன்றே பெற வேண்டியிருக்கிறது.

நம் சிறுமி பள்ளியில் வங்கம் கேட்கிறாள். தொலைக்காட்சியில் இந்தி கேட்கிறாள். தமிழ் கேட்பது பாட்டியிடம் மட்டுமே. அந்தப் பாட்டியும், உற்றுக் கேட்டால், ‘பளம்’ என்றுதான் சொல்கிறார்!

நண்பர்களே, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இத்தகைய வீடுகளுக்குச் சென்று குழந்தைகளுக்குக் கதை சொல்வோம். ஐந்து வயது நா இன்னும் இளையது, கேட்டால் வளையும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. எந்த ஊரிலும் அது பிழைத்துக்கொள்ளும். அதன் வாயில் தமிழும் பிழைக்க வேண்டுமானால், அதன் காதுக்கு நாம் வேண்டும்.