வன்பொருள் வந்துவிட்டது, மென்பொருள் வரவில்லை

ஜூன் 9, திங்கள்

புது மடிக்கணினி வந்தது. எடை 1.3 கிலோகூட இல்லை. உள்ளே குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட். கைபேசிகளில் இருக்கும் அதே ஆர்ம் வகைச் செயலி. காலையில் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு நாவலுக்கு மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பிட எழுந்தபோதும் கால்வாசி சார்ஜ் மிச்சமிருந்தது. சூடு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. தமிழ்99 விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. எழுத்தின் சுழிகளெல்லாம் திரையில் நல்ல அச்சுப்போலத் துலங்குகின்றன. இவ்வளவு நேர்த்தியாகச் செய்த கணினி என் கைக்கு இதற்கு முன் வந்ததில்லை.

ஜூன் 11, புதன்

மறுபதிப்புக்காகப் பழைய புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. ஸ்கேனரைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. இன்டெல் வகைச் செயலிகளுக்கென்று எழுதிய நிரல்களை விண்டோஸில் உள்ள 'பிரிசம்' ஓடும்போதே ஆர்முக்கு மாற்றித் தருகிறது. பெரும்பாலான நிரல்கள் அப்படி ஓடிவிடுகின்றன. ஸ்கேனரை இயக்கும் டிரைவர் அப்படியல்ல. அது இயங்குதளத்தின் கருவுக்குள் வேலை செய்வது; அங்கே பிரிசத்துக்கு இடமில்லை. ஆர்முக்கென்றே எழுதியாக வேண்டும். என் ஸ்கேனரைச் செய்தவர்கள் எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

பதிப்பகத்தின் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. தமிழ் அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் அப்படித்தான் வேலை நடக்கிறது. அந்த எழுத்துருக்களுக்கான தட்டச்சு மென்பொருள் நிறுவிக்கொண்டது, திறந்தது. ஆனால் ஒரு எழுத்தும் விழவில்லை. தட்டச்சு மென்பொருள் மற்ற நிரல்களுக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டியது. ஆர்முக்கென எழுதிய நிரலுக்குள் இன்டெல்லுக்கான துண்டு நுழைய முடியாது. திருத்தங்களைப் பழைய மேசைக் கணினியில் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

இது நேற்று முளைத்த சிக்கல் அல்ல என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆர்மில் ஓடும் விண்டோஸ் ஆர்டி 2012 அக்டோபரில் வந்தது. பழைய நிரல் எதையும் அதில் நிறுவ முடியவில்லை. மறு ஆண்டு ஜூலையில், அதில் ஓடிய சர்ஃபேஸ் ஆர்டி டேப்லட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2017 டிசம்பரில் ஆர்ம் விண்டோஸை மீண்டும் தொடங்கினார்கள். பழைய நிரல்களில் 32 பிட் மட்டும் ஓடியது. 64 பிட் ஓட 2021-இல் விண்டோஸ் 11 வர வேண்டியிருந்தது. பிரிசம் வந்தது 2024-இல்.

ஆப்பிளோ, மேக் கணினிகளை இன்டெல்லிலிருந்து ஆர்முக்கு மாற்ற 2020 ஜூனில் இரண்டு ஆண்டு என்று கெடு சொல்லி, நிரலாளர்களுக்குச் சோதனைக் கணினிகளைக் கொடுத்து, நவம்பரிலேயே எம்1 கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்டெல் மேக் இனி கிடையாது என்று தெரிந்ததும் மென்பொருள் செய்பவர்கள் மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. விண்டோஸ் உலகில் அந்த நெருக்கடி இல்லை. இன்டெல், ஏஎம்டி கணினிகளே இன்றும் பெரும்பகுதி விற்கின்றன. பழைய ஸ்கேனருக்கு யார் புது டிரைவர் எழுதப்போகிறார்கள்? ஆகவே தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. விற்பவர்கள்தான் முன்னின்று எழுதவைக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

தணிக்கையாளரான நண்பர் வந்தார். மடிக்கணினியைக் கையில் தூக்கிப் பார்த்ததும் ஒன்று வாங்கிவிடும் ஆசை அவருக்கு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிப் பாருங்கள் என்றேன். அதற்கான மென்பொருள் கடைசிவரை டோக்கனை அடையாளம் காணவில்லை. வரிப் படிவங்களில் தினமும் கையெழுத்துப் போடுகிறவருக்கு இது எப்படி உதவும்?

எழுதவும் படிக்கவும், பிரவுசரில் வேலை பார்க்கவும் இதைவிடச் சிறந்த கணினி தேட வேண்டாம். ஆனால் முழு விலைக்கு விற்கிறவர்கள், எந்தக் கருவியெல்லாம் வேலை செய்யாது என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். அதுவரை, வாங்க நினைத்தால் உங்கள் பிரின்டர், ஸ்கேனர், டோக்கன் ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு போய், விண்டோஸ் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு இல்லையென்றாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியையே வாங்குங்கள்.