ஒரு சிட்டிகை

மீனுவுக்கு நான்தான் அந்தக் கால்சியம் பவுடரைப் போட்டேன். தினமும் காலையில், ஆபீஸ் மீட்டிங் தொடங்குவதற்கு முன்னால், ஊறவைத்த பச்சைப்பயறின் மேல் ஒரு சிட்டிகை. டப்பாவின் விளிம்பில் ஸ்பூனைத் தட்டும் சத்தம் கேட்டால் போதும், கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

அவளுக்கு முன்பு வளர்த்த காக்டெயில், முட்டை வெளியே வராமல் செத்துப்போனது. கால்சியம் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு இருக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் மீனு முதல் முட்டை இட்டதும் பயந்துபோய்க் கடைக்கு ஓடினேன். ‘இயற்கையான எலும்புத்தூள்’ என்று எழுதிய டப்பா கிடைத்தது. தயாரித்தவர் பெயர் இல்லை. பரிசோதனை விவரமும் இல்லை. புரோகிராமில் யாரோ எழுதிய நாலு வரியைச் சேர்ப்பதற்கு முன்னால் அரை நாள் அதன் பூர்வீகத்தைத் தோண்டுகிறவன் நான். அந்த டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம் எச்சம் கரும்பச்சையாக, தண்ணீராகப் போனது. ஒருநாள் காலையில் பார்த்தால் இடது இறக்கை தொங்க, கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“தீனி தவிர வேற என்ன குடுக்குறீங்க?” என்றார் டாக்டர். பவுடரைச் சொன்னேன். எக்ஸ்-ரேயில் உலோகத் துண்டு எதுவும் தெரியவில்லை. “தூளா உள்ள போயிருந்தா இதுல தெரியாது சார். ரத்தத்துலதான் பாக்கணும்.” ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஊசியை ஆரம்பித்துவிட்டார். ரத்தத்தில் ஈயம் இருந்தது. மிச்சப் பவுடரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். அதிலும் இருந்தது.

உடம்புக்கு ஈயத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு மாடு ஆயுள் முழுக்கத் தீவனத்தோடும் தூசியோடும் விழுங்கிய ஈயத்தை அதன் எலும்பு சேர்த்து வைக்கிறது. எலும்பை அரைத்தால் அந்தச் சேமிப்பும் சேர்ந்தே வரும். அமெரிக்க நடிகை ஆலிசன் ஹேய்ஸ், சத்துக்காகச் சாப்பிட்டுவந்த எலும்புக் கால்சியத்தில் இருந்த ஈயம்தான் தன்னை முடக்கியது என்று தானே தேடிக் கண்டுபிடித்துப் போராடினார். 1977-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். மனிதர்களின் மாத்திரைக்கே அந்தக் கதை. பறவைக்கு விற்கும் டப்பாவை யார் சோதிக்கப்போகிறார்கள்?

ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் எடை 72 கிலோ. மீனு 90 கிராம். 800 மடங்கு. கால் கிராம் வரும் அந்த ஒரு சிட்டிகை, எடைக்கு எடை பார்த்தால், நான் தினமும் 200 கிராம் பவுடர் தின்பதற்குச் சமம். போதாததற்கு, முட்டையிடும் காலத்தில் பெண் பறவையின் உடம்பு ஓட்டுக்காகக் கால்சியத்தை வாரி வாரி இழுக்கும். அந்த வழியில்தான் ஈயமும் நுழையும். எந்த நாட்களில் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேனோ அந்த நாட்களில்தான் அதிகம் கெடுத்திருக்கிறேன்.

அவளுக்குப் போட்ட ஊசியின் பெயரிலும் கால்சியம் இருந்தது. கால்சியம் இ.டி.டி.ஏ. ரத்தத்துக்குள் போய்த் தன்னிடமுள்ள கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகம் வழியாக வெளியேறும். ஐந்து நாள் ஊசி, சில நாள் இடைவெளி, மறுபடி ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் டவலில் சுற்றிப் பிடித்துக்கொண்டவன் நான். ஒவ்வொரு முறையும் கடித்தாள்.

“நல்லது நெனச்சுதானேடா குடுத்த, விடு” என்றாள் அம்மா. நல்லது நினைத்தவனுக்குப் படித்துப் பார்க்க ஒரு நிமிஷம் இல்லையா என்று அம்மாவிடம் கேட்கவில்லை.

மீனு பிழைத்துவிட்டாள். இடது இறக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கிறது. இப்போது டாக்டர் சொன்னபடி, வேகவைத்துக் காயவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓடு; காலை வெயிலில், கண்ணாடிக்கு வெளியே, அரை மணி நேரம்.

போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய டப்பா கிடைத்தது. குப்பையில் போட எடுத்தேன். உள்ளே கிடந்த ஸ்பூன் விளிம்பில் இடித்துச் சத்தம் வந்தது. கொண்டையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி, ஓடி வந்தாள்.