அச்சில் ஒரு மேன் பக்கம்

யூனிக்ஸில் எந்த கமாண்டைப் பற்றிக் கேட்டாலும் சீனியர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மேன் பக்கத்தப் படி." படிப்பதற்கு முதலில் ஒரு மெஷின் வேண்டுமே! திருத்தணியில் டிப்ளமோ படிக்கும் என் சித்தி மகளிடம் அது இல்லை. லேப் நேரம் முடிந்தால் அவளுக்கு லினக்ஸும் முடிந்தது. "ஃபோன்ல பார்த்தா கண்ணு வலிக்குதுண்ணா, பேப்பர்ல கிடைக்குமா?" என்றாள்.

கிடைக்கும். மேன் பக்கம் பிறந்ததே பேப்பருக்காகத்தான். 1971 நவம்பரில் பெல் லேப்ஸில் வந்த முதல் யூனிக்ஸ் மேனுவல் அச்சுப் பிரதிதான். ஆவணம் தயாரிக்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம் என்ற வாக்குறுதியில்தான் அவர்களுக்கு பிடிபி-11 மெஷினே கிடைத்தது. பிறகு ஜோ ஒஸான்னா, ஒளியச்சு இயந்திரத்துக்காக ட்ராஃப் எழுதினார். 1977ல் அவர் இறந்துபோக, எந்த அச்சு இயந்திரத்துக்கும் பொருந்தும்படி அதை மாற்றியவர் பிரையன் கெர்னிஹான். நம் லினக்ஸில் இருக்கும் க்ராஃப், ஜேம்ஸ் கிளார்க் தொடங்கியது.

எழுதும் முறை எளிது. புள்ளி வைத்துத் தொடங்கும் வரி ஒரு கட்டளை: இது தலைப்பு, இது புதுப் பத்தி. ஒரே மூலத்தை என்ராஃப் திரைக்கும் ட்ராஃப் அச்சுக்கும் வடிவமைக்கும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் என்ராஃப் ஒரு எழுத்தை அடித்து, ஓரடி பின்னால் வந்து, அதன்மேலேயே மறுபடி அடிக்கச் சொல்லும். டைப்ரைட்டர் புத்தி! பழைய சிஸ்டங்களில் பக்கத்தை அப்படியே ஃபைலில் சேமித்தால் எழுத்துகள் இரட்டை இரட்டையாக வரும். சுத்தம் செய்ய 'கால்' என்று தனி கமாண்ட்.

'மேன்' என்று அடித்து, ஒரு சிறு கோடும் 'டி'யும் சேர்த்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல் வரும். மலையடிவார ஜெராக்ஸ் கடையின் விண்டோஸ் அதைத் திறக்கவில்லை. பிடிஎஃப்பாக மாற்றிக் கொடுத்தேன். கிரெப், ஃபைண்ட், சிஹெச்மாட் எல்லாம் வந்தன. பாஷ் மட்டும் எழுபது பக்கத்துக்கு மேல். அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மேன் பக்கங்கள் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதியவை என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே தமிழில் ஒரு வரி சேர்க்க நினைத்தேன். க்ராஃபின் வழக்கமான போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் தமிழே கிடையாது. அதே கடையில் கல்யாணப் பத்திரிகை தமிழிலும் தெலுங்கிலும் பக்கம் பக்கமாக அச்சாகிக்கொண்டிருந்தது. நான் பேனாவை எடுத்து மார்ஜினில் எழுதிக் கொடுத்தேன்.

நகரியிலிருந்து வரும் அவள் தோழி இப்போது அதை ஜெராக்ஸ் எடுத்து, என் தமிழுக்குப் பக்கத்தில் தெலுங்கில் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். சிஹெச்மாட் பக்கத்தில் மட்டும் இடம் பத்தலையாம்.