கொழுந்து கசங்காத கை

பெப்ரவரி மாதம் இலங்கையின் திம்புலப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல காலம். பகலில் காய்ந்த காற்று, இரவில் கடுங்குளிர். கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் ஏறும். அந்த நேரம் பார்த்து, ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்துக்குப் போனேன். பறித்த கொழுந்துடன் மலையிலிருந்து ஸ்டோர் வரை நடந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தேயிலைத் தொழிற்சாலைக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பெயர்.

இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். செடிமேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேல் எழும்பிய இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் எடுக்கிறார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் உடனே கூடைக்குள் போய்விடுகிறது.

“கை நிறையச் சேர்த்துப் போட்டால் வேலை மிச்சம்தானே அக்கா?” என்று கேட்டேன்.

“இறுக்கிப் புடிச்சா சூடேறிச் செவந்துரும் தம்பி. அப்புறம் ஸ்டோருல யாரு என்ன செஞ்சாலும் சரிவராது.”

தேயிலைத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. திராட்சை ரசம் மதுவாக ஈஸ்ட் வேண்டும். தேயிலை சிவக்க அது வேண்டாம். இலைக்குள்ளேயே நொதி இருக்கிறது. இலை நசுங்கிச் சாற்றில் காற்றுப் பட்டதும் சிவக்கத் தொடங்கிவிடும். அது எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை.

ஸ்டோரில் கொழுந்தைப் பரப்பி, இரவெல்லாம் விசிறிக் காற்றில் வாட்டுகிறார்கள். விடிவதற்கு வெகு முன்பே டீமேக்கர் வந்துவிட்டார். ஒரு பிடி அள்ளி அழுத்தி விட்டார். உருண்டை மெல்ல விரிந்தது, காம்பு முறியவில்லை. வாட்டம் சரி. ரோலரில் முறுக்கிச் சலித்து மேடையில் பரப்பியதும் பச்சை வாடை அடித்தது. நேரம் போகப் போக அது கனிந்த ஆப்பிள் வாசனையாக மாறியது. இலை செப்பு நிறமானது. டீமேக்கர் திரும்பத் திரும்ப அள்ளி முகர்ந்து பார்த்தார். ஈரப்பதமும் குளிரும் நாளுக்கு நாள் மாறுவதால் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. அவர் தலையசைத்ததும் இலை உலர்த்திக்குப் போனது. சூடு பட்டதும் நொதியின் வேலை முடிந்தது. நாலரை, ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு இலங்கையில் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கையால் இலையை முறுக்கவைத்து, கரியடுப்பில் உலர்த்தியெடுத்தார். அவர் பெயர் நிலைத்தது. காட்டை வெட்டி மலையைத் திருத்திய தமிழ்த் தொழிலாளர் பெயர்கள் நிலைக்கவில்லை.

இன்றும் அந்தக் கணக்கு நேராகவில்லை. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ருசி பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். மலையிலோ இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். கொழுந்து கசங்காமல் எடுக்கும் பக்குவத்தைத் தராசு காட்டாது. டீமேக்கரின் மூக்கைத் தொழில்திறன் என்று மதிக்கிறோம். அந்த அக்காவின் விரலும் தொழில்திறன்தான். ஏலத்தில் தரத்துக்குக் கிடைக்கும் விலையில் அதற்குரிய பங்கு அவர் சம்பளத்திலும் சேர வேண்டும்.